பாதிரிக்கொல்லைக் குழி

ஆரணியில் வேணுகோபால் என்று கேட்டால் நான்கைந்து பேரைக் கைகாட்டுவார்கள். முறுக்கு வேணு என்றால் ஒரே ஆள்தான். அவர் ஏதோ முறுக்கு விற்கிறவர் என்று நினைத்து அவரிடமே போய்க் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிய வெளியூர்க்காரர்களும் உண்டு. இது பட்டு நூலுக்கு ஏற்றுகிற முறுக்கு. அளவாக ஏற்றினால் நூலுக்குப் பலம். கூடிப்போனால் சுருண்டு சுருண்டு விழுந்து, உயிரை வாங்கும். மனுஷன் இரண்டாவது ரகம்.

தண்ணீர்க் குழாய்த் தகராறில் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு மனைவி ராஜம்மாளை மட்டும் அனுப்பிவிட்டு, பந்தியில் என்னென்ன போட்டார்கள் என்று அவள் திரும்பி வந்ததும் ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். புடவையில் ஒரு குறை சொன்னதற்காக ஒரு முதலாளியை விட்டு விலகினார். குறை இருந்தது என்பது அவருக்கும் தெரியும். சொன்னதைத் திரும்ப வாங்குவது என்பது அவர் பிறவியிலேயே இல்லை. இப்படிப்பட்ட ஆளோடு ராஜம்மாள் எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று கேட்டால், வாயைத் திறக்காமல் நடத்தினாள். அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் ஓடியது குழித்தறி. தரையில் கால் இறங்குகிற அளவுக்கு நீளவாக்கில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, கீழே தொங்குகிற மிதியை மிதித்து நெய்ய வேண்டும். ஒரே மகள் சுபலட்சுமி ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அந்தத் தறிக்கு வந்தாள். கை சுத்தம். அப்பாவே அசந்துபோகிற மாதிரி நெய்வாள். ஒரே தொல்லை, வேணுவுக்கு ஒட்டகக் கால், மகளுக்குக் குட்டைக் கால். அவர் காலுக்கு வெட்டிய குழியில் அவள் உட்கார்ந்தால் மிதி எட்டாது. ஒவ்வொரு தடவையும் மிதியைத் தூக்கிக் கட்டுவார், அவள் எழுந்ததும் இறக்கிக் கட்டுவார். "உனக்குன்னு ஒரு குழி வெட்டித் தொலைக்கணும்டி" என்று முனகிக்கொண்டேதான் கட்டுவார். முனகல் முழுக்கப் பொய். மகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் குழி மட்டும் வெட்டவே இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்தச் சுபலட்சுமி டேவிட்ராஜோடு போய்விட்டாள். தெருமுனையில் நூல் முறுக்கும் மில்லில் வேலை பார்த்த பையன். படவேட்டுக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரக் காட்டை ஒட்டிய பாதிரிக்கொல்லை அவன் ஊர். அந்தப் பக்கத்தில் புஞ்சை நிலத்தைக் கொல்லை என்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் காட்டோரத்தை வெட்டித் திருத்தி, வேதக்காரக் குடும்பங்களைக் குடிவைத்தாராம். அவனுடைய அப்பா பவுல்துரைக்கு அங்கே கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும். நல்ல பையன்தான், குடி இல்லை, பீடி இல்லை. அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

சேதி வந்தபோது வேணு தறியில் இருந்தார். எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். "எனக்குப் பொறந்தது செத்துப் போச்சி! இன்னியோட தலை முழுவிட்டேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் இருந்த தறிகளெல்லாம் நின்றன. பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்திருப்பார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அதெல்லாம் செய்யக்கூடாது என்று புரோகிதர் கும்பிடு போட்டுவிட்டுப் போனதால் தப்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சுபா என்ற பேச்சே கிடையாது.

இரண்டாயிரத்து நாலில் ராஜம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முற்றிவிட்டது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ராஜம்மாள் சொன்னாள்.

"இன்னாங்க, சுபாவ ஒரு தபா பாக்கணும். கூட்டினு வாங்க."

அந்தப் பெயரைப் பத்து வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்கிறார். கத்துவார், பஸ்ஸே திரும்பிப் பார்க்கப்போகிறது என்றுதான் அவளும் நினைத்திருப்பாள். மனுஷன் கத்தவில்லை. கண்ணமங்கலம் தாண்டுகிறவரை ஒன்றும் பேசாமல் வந்தவர், "எங்க கீறான்னு போயி தேடறது?" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

அமாவாசை அன்று ஆரணியில் தறி ஓடாது. அடுத்த அமாவாசைக்கு, ராஜம்மாளைப் பக்கத்து வீட்டுப் பரிமளாவிடம் ஒப்படைத்துவிட்டுப் படவேட்டுக்குப் பஸ் ஏறினார். ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு இறங்கி, டீக்கடையில் வழி கேட்டார்.

"பாதிரிக்கொல்லியா?" டீக்கடைக்காரன் டம்ளரைக் கழுவுவதை நிறுத்தினான். "அங்க இன்னா கீது பெரியவரே? எல்லாம் காலி. கெணறு வத்திச்சி. பன்னி பூந்து வெள்ளாமைய அழிச்சிச்சி. நடுவுல சந்தனக்கட்டை தேடறோம்னு ஆளுங்க வந்து பூந்து பேஜார் பண்ணாங்க. ஒவ்வொருத்தரா கௌம்பிட்டாங்க."

"ஒருத்தரும் இல்லியா?"

"ரெண்டொரு குடும்பம் உள்ள கீதுன்னு சொல்றாங்க. நான் பாத்ததில்ல."

அந்த ரெண்டொரு குடும்பத்தை நம்பி வேணு காட்டுக்குள் நடந்தார். வண்டிப்பாதை கொஞ்ச தூரம் இருந்தது, அப்புறம் அதையும் உண்ணிச்செடி விழுங்கியிருந்தது. வெறும் காடு என்றுதான் முதலில் தோன்றியது. நின்று பார்த்தால் காட்டுக்குள்ளே கொல்லைகள் தெரிந்தன. செடியை விலக்கினால் வரப்பு. முள்ளுக்கு நடுவே நட்ட நடுவாக இரண்டு கல்தூண், படல் வைத்து மூடிய இடம். படலும் இல்லை, மூடுவதற்கு ஒன்றும் இல்லை. அதற்குள்ளே சுவர்கள். காலி செய்துகொண்டு போகிறவர்கள் ஓடு, கைமரம், கதவு, நிலை என்று எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மண் சுவரை என்ன செய்வது? அது மட்டும் மழையில் கரைந்துகொண்டு நின்றது.

"யாராவது கீறீங்களா?" என்று கூப்பிட்டார். தன் குரலே தனக்குக் கூச்சமாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. தலை முழுகின பெயர் அல்லவா!

அன்றைக்கு ஏழெட்டு வீடுகளைப் பார்த்திருப்பார். ஒரு வீட்டு வாசலுக்கு மேலே சிலுவை கீறியிருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் பிள்ளைகள் கரியால் பஸ் படம் போட்டிருந்தார்கள், ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை. ஒரு கிணற்றில் எட்டிப் பார்த்தார். அடியில் வேப்பங்கன்று முளைத்திருந்தது. இன்னொரு வீட்டில் அடுப்பு மேலேயே கரையான் புற்று, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்கு மேல் அவர் உள்ளே நிற்கவில்லை. வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ராஜம்மாள் தூங்காமல் காத்திருந்தாள். "பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை. பார்த்த வீடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு கேள்வியாகக் கேட்டாள். உரல் இருந்ததா, அடுப்பு எந்தப் பக்கம், கிணறு வீட்டுக்குக் கிட்டவா தூரமா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க முடியுமா. அவர் சொன்ன ஒவ்வொரு பாழ் வீட்டிலும் அவள் மகளைக் குடிவைத்துப் பார்த்தாள். புற்று வளர்ந்த அடுப்பைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளாக அவர்கள் இருவரும் இவ்வளவு பேசியது கிடையாது என்றால் நம்புவீர்களா?

அடுத்த அமாவாசைக்கும் போனார். இன்னும் உள்ளே, ஓடையைத் தாண்டி. அங்கேயும் சுவர்கள்தான். ஒரு களத்துமேட்டில் சீத்தாமரம் காய்த்துக் குலுங்கியது, பறிக்க ஆளில்லை, பழமெல்லாம் கீழே விழுந்து அழுகிக் கிடந்தது. துண்டில் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்து ராஜம்மாளிடம் கொடுத்தார். அவள் இரண்டு சுளை தின்றாள். அதற்கு மேல் இறங்கவில்லை.

"இன்னும் உள்ளுக்குள்ள ஆளுங்க கீறாங்களாம்" என்று வேணு பொய் சொன்னார். "அடுத்த தபா பாத்துடுவேன்."

"ஜல்தி பாருங்க" என்றாள் ராஜம்மாள். அவளுக்கு இருக்கிற நாள் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது தடவை அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. தறியில் பாதிப் புடவை நிற்க, அதை அப்படியே மூடிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். முதலாளி என்ன சொல்வாரோ, சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று அவர் போனது பாதிரிக்கொல்லையின் கடைசிக் கோடி. அதற்கு அப்பால் மலைதான். ஒரு வீட்டின் கூரை பாதி சரிந்து உள்ளேயே விழுந்திருந்தது. குனிந்து நுழைந்து, மட்கிப்போன ஓலையைக் குச்சியால் புரட்டினார். தேள் இருக்குமோ, பாம்பு இருக்குமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் புரட்டினார். ஓலைக்குக் கீழே தரையில் குழி.

தானியக் குழி என்றுதான் நினைத்தார். ஆனால் அது வட்டமாக அல்லவா இருக்கும்? இது நீளவாக்கில் இருந்தது. உள்ளே கிடந்த சருகையும் மண்ணையும் கையாலேயே அள்ளிப் போட்டார். பக்கமெல்லாம் களிமண் பூசி, சாணம் போட்டு மெழுகிய அடையாளம். நான்கு மூலையிலும் தறிக்கால் நடுவதற்குச் சின்னச் சின்னப் பள்ளம். காட்டுக்குள்ளே, பன்றி திரிகிற கொல்லையில், தறிக்குழி!

விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். முழங்கால் மடங்கி நெஞ்சுக்கு வந்தது. ஒரு சாண் ஆழம் குறைச்சல். சாதாரணமாக யாரும் இப்படி வெட்ட மாட்டார்கள். குட்டைக் காலுக்கு அளந்து அளந்து வெட்டிய குழி. அவர் வெட்டித் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லி வெட்டாமலே விட்ட குழியை வேறொருவன் வெட்டிக் கொடுத்திருக்கிறான். சந்தோஷம் பொங்கியது அவருக்கு, மறைத்து என்ன? மகள் இங்கே இருந்திருக்கிறாள், தறி நெய்து சாப்பிட்டிருக்கிறாள்! ஆனால் விளிம்பைத் தடவிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. உட்கார்ந்து நெய்த குழி என்றால் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்க வேண்டும். இது தேயவே இல்லை. யாரும் நெய்யாத குழி.

"சுபா!" என்று அவரை அறியாமல் கத்திவிட்டார். "சுபாம்மா!"

"யாருய்யா அது, சுபா பேர சொல்லிக் கத்தறது?"

வெளியே ஆடுகளின் சத்தம். சரிந்த கூரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கையில் தொரட்டியோடு நின்றிருந்தாள். காத்தாயி என்று பெயர், மலையடிவாரத்து ஊரில் இருந்து இந்தக் கொல்லைகளில் ஆடு மேய்க்க வருகிறவள். பாதிரிக்கொல்லையில் ஆள் இருந்த காலத்திலிருந்தே வருகிறாளாம்.

"நீ யாரு?" என்றாள்.

"ஆரணி. தறிக்காரன்" என்றார் வேணு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பொண்ணோட அப்பாவத் தெரியும்" என்றார். நான்தான் அப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அந்தாளத் தெரியுமா? நல்லதாப் போச்சி. திரும்பிப் போனா அந்தாள நிக்க வெச்சி நான் கேட்டேன்னு கேளு, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யான்னு."

வேணு குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. காத்தாயி ஆடுகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டேவிட்டு நல்ல புள்ள. கெணத்துல தண்ணி போயிடிச்சி, வெள்ளாம இல்ல. இந்தப் பொண்ணுதான், எனக்குத் தெரிஞ்ச தொழிலு தறிதான், தறி போடறேன்னு சொல்லிச்சி. கண்ணமங்கலத்துல யாரோ ஒரு முதலாளி நூல் தரேன்னுட்டாரு. அவன் குழி வெட்டறான், இவ கால விட்டு உக்காந்து பாத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சிரிச்சிகினு கெடக்கறா. நான் பாத்தேன். தறி மரம் வர்ற வாரம் வரணும். அதுக்குள்ள அவுங்க வந்துட்டாங்க."

"எவங்க?"

"சந்தனக்கட்டை தேடற காக்கிக்காரங்கதான். அதோ அந்தக் கெணத்துல எவனோ கட்டைய ஒளிச்சி வெச்சிட்டுப் போயிட்டான். ஊடு ஊடா பூந்து தேடனாங்க. இங்க வந்து பாத்தா, ஊட்டுக்குள்ள புதுசா மெழுவுன குழி. கட்டை பதுக்கத்தானடான்னு டேவிட்டப் புடிச்சிகினாங்க. தறிக்குங்கன்னு அவ காலப் புடிச்சிகினு அழுவறா. காட்டுல ஏதுடி தறின்னு சிரிக்கறாங்க. அப்பதான் சொன்னா, நான் ஆரணி தறிக்காரர் பொண்ணு, நம்பலைன்னா எங்கப்பாவப் போயி கேளுங்க, அவரு ஒரு வார்த்த சொன்னா போதும்னு. அதுல ரெண்டு பேரு காக்கிய கழட்டிட்டு வேட்டியில ஆரணிக்குப் போயி கேக்கவும் கேட்டாங்க. அந்தப் பாவி எனக்குப் பொண்ணே இல்லன்னுட்டான்."

வேணுவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று ஏழோ எட்டோ, ஒரு மத்தியானம். வெள்ளை வேட்டி கட்டிய இருவர் வாசலில் வந்து நின்றார்கள். ஓடிப்போன பெண்ணின் வீட்டுக்கு இப்படி இரண்டு பேர் வந்தால் அது எதற்கு என்று ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். பையன் வீட்டார் சமாதானம் பேசப் பெரிய மனுஷர்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுக்குச் சுபலட்சுமி என்று பெண் உண்டா, அவளுக்குத் தறி தெரியுமா என்று அவர்கள் கேட்டார்கள். பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள் பார் என்று வேணு நினைத்தார். "எனக்குப் பொண்ணே கெடையாது. அந்தப் பேருல எனக்கு ஒருத்தரையும் தெரியாது, கௌம்புங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரி வேணு ஒரு பிடி சோறு கூடவே தின்றார், அவ்வளவு வீறாப்பு. எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் இன்னா? அவன உள்ள வெச்சிட்டாங்க. மாமனாரு பவுல்தொர அந்த ஏக்கத்துலயே கண்ண மூடிட்டாரு. அவ ஒருத்தியா இங்க கெடந்தா, கூலிக்குப் போயிகினு. அவன் திரும்பி வந்தான், இருமிகினே வந்தான். ஒரு நா விடியக்காத்தால ஒரு டிரங்குப் பெட்டிய தூக்கினு ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஓசூருன்னு ஒருத்தன் சொன்னான். பெங்களூருன்னு ஒருத்தன் சொன்னான். யாரு கண்டா?"

"அவங்கப்பன ரொம்பத் திட்டிச்சா?"

காத்தாயி கொஞ்சம் யோசித்தாள். "நாங்கதான் திட்டுவோம். அவ உட மாட்டா. எங்கப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருந்தா வேட்டிய மடிச்சிக் கட்டிகினு ஓடியாந்திருப்பாருன்னு சொல்லுவா. அப்பன் மேல அப்படி ஒரு இது."

அவ்வளவுதான். முறுக்கு வேணு அந்தக் குழியில் உட்கார்ந்தபடியே முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதார். கூச்சநாச்சம் இல்லாமல், வாய்விட்டு அழுதார். காத்தாயிக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை.

"எழுந்திருண்ணா" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிடு. பன்னி வரும்."

ஆரணிக்கு வந்து சேரும்வரை, ராஜம்மாளிடம் என்ன சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டே வந்தார். ஓசூரில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று ஒரு பொய் போதும், அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். அப்படித்தான் சொல்வது என்று முடிவும் பண்ணிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் ராஜம்மாள் வழக்கம்போல வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் உடம்பு பாயோடு பாயாக ஒட்டிப்போயிருந்தது. பரிமளா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"பாத்தீங்களா?"

பொய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குழியிலிருந்து ஆரம்பித்து, காத்தாயி சொன்னது அத்தனையும் சொன்னார். அந்த இரண்டு பேர் விஷயத்துக்கு வந்ததும் நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ராஜம், அன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்க. உனக்குத் தெரியாது. சமாதானம் பேச வந்தவங்கன்னு நெனச்சிகினு நான்..."

"தெரியும்" என்றாள் ராஜம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். அவளுக்குத் தறி தெரியுமான்னு அவங்க கேட்ட மாதிரியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. சமாதானம் பேச வர்றவங்க எவனாவது தறி தெரியுமான்னு கேப்பானா? அவளுக்கு ஏதோ ஆபத்துன்னு தெரிஞ்சிபோச்சி." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "என் பொண்ணுதாங்க, நல்லா தறி நெய்வாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க திரும்பிப் பாத்தீங்க. நான் வாய மூடிகினேன்."

வேணு தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் நின்னுகினு இருந்தேன். அத அவகிட்ட சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் கூட்டினு வரச் சொன்னேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண மேடைக்கு அப்புறம் பிடிக்காத கை. இருவரும் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஓசூர் போவதற்குப் பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்தார். முகவரி இல்லாமல் அவ்வளவு பெரிய ஊரில் எங்கே போய் நிற்பது என்று பரிமளாவின் புருஷன் ஜெகநாதன் கேட்டதற்கு, தறிச் சத்தம் கேட்கிற தெருவிலெல்லாம் நிற்பேன் என்றார். போகக் கொடுத்து வைக்கவில்லை. கிளம்ப வேண்டிய அன்று காலையில் ராஜம்மாளுக்கு நினைவு தப்பியது. சாயங்காலம் போய்விட்டாள்.

மறுநாள் வாசலில் பாடை தயாராக இருந்தது. தெருவில் தறி ஓடவில்லை. தம்பி வீட்டார்கூட வந்திருந்தார்கள். குளிப்பாட்டி, பட்டுக் கட்டி, பூ வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். வேணு தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், யார் என்ன கேட்டாலும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு. காரியம் செய்து வைக்க வந்தவர் தட்டில் அரிசியைக் கொட்டி நடுவில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பொண்ணுங்க யாருனா இருந்தா முன்னால வாங்கம்மா, வாய்க்கரிசி போடணும்."

கூட்டம் ஒரு மாதிரி அசைந்தது. ஆள் வெளியூர், விவரம் தெரியாது. ஜெகநாதன்தான் அவசரமாக முன்னால் வந்து, அவர் காதோடு, "அவுங்களுக்குப் பொண்ணு இல்லீங்க. நீங்க மேல ஆவறதப் பாருங்க" என்றார்.

"இருக்கா!"

தெருக்கோடி வரை கேட்கிற சத்தம். வேணு எழுந்து நின்றிருந்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு கீறா. பேரு சுபலட்சுமி. நல்லா தறி நெய்வா."

காரியம் செய்து வைக்க வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரிசித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப வரச் சொல்லுங்க, நேரமாவுது. எங்க கீறாங்க?" என்று கேட்டார்.

அது வேணுவுக்குத் தெரியாது.